"தொற்று நோயாளிகளை ஏற்பதில்லை" என்ற அந்த ஒரு வரியைத் திரும்பப் பெறுங்கள்

வான்வழி ஆம்புலன்ஸ் சேவைகளை நடத்துவோருக்கும், அவற்றுக்கு அனுமதி வழங்கும் விமானப் போக்குவரத்து, சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும்,

உங்களில் ஒரு சேவை தன் பணியாளர்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கை எனக்கும் வந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாக ஆம்புலன்ஸ் விமானங்களில் செவிலியராக வேலை பார்க்கிறேன். இரண்டு பக்கச் சுற்றறிக்கையில் ஒரே ஒரு வரிதான் புதியது. தொற்று நோய் உள்ளவர்களும், தொற்று இருப்பதாகச் சந்தேகிக்கப்படுபவர்களும் இனி ஏற்றிச் செல்லப்பட மாட்டார்கள். காரணம், பணியாளர்களின் பாதுகாப்பு.

என் பாதுகாப்பைக் காரணம் காட்டி எடுத்த முடிவு என்பதால்தான் பேசாமல் இருக்க முடியவில்லை. இந்த வரி என்னைப் பாதுகாக்காது. இதற்கு முன்பு இருந்ததைவிட எனக்கும் என்னோடு பறப்பவர்களுக்கும் ஆபத்தை அதிகமாக்கும். அது எப்படி என்று விளக்கத்தான் இந்த மடல்.

இந்த வரியை எழுதத் தூண்டிய சம்பவம் எது என்று எனக்குத் தெரியும். அந்த விமானத்தில் நான் இருந்தேன்.

நோயாளிக்கு நாற்பது வயது தாண்டியிருக்கும். அனுப்பும் மருத்துவமனை தந்த தாளில் 'கடுமையான நிமோனியா' என்று மட்டும் இருந்தது. ஆக்ஸிஜன் முகமூடியோடு, நல்ல நினைவோடு, விடாமல் இருமிக்கொண்டே வந்தார். அது சிறிய ஜெட் விமானம். ஸ்ட்ரெச்சருக்கும் எங்கள் இருக்கைக்கும் நடுவே ஒரு முழ இடம்கூடக் கிடையாது. உள்ளே மருத்துவர், நான், நோயாளியின் தம்பி. முன்னால் இரண்டு விமானிகள். அவர்களுக்கும் எங்களுக்கும் இடையில் ஒரு துணித்திரை. நானும் மருத்துவரும் போட்டிருந்தது சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க்.

எல்லோரும் ஏறிய பிறகு, வானிலை சரியில்லை என்று புறப்பட அனுமதி தரவில்லை. ஒன்றே முக்கால் மணி நேரம் தரையிலேயே நின்றோம். எரிபொருளை மிச்சப்படுத்த எஞ்சினை அணைத்துவிட்டார்கள். வெளியே மழை, அதனால் கதவும் மூடியிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிய ஆரம்பித்தது. அவர் இருமும்போதெல்லாம் நான் அவர் முதுகைத் தாங்கிப் பிடித்தேன். அந்த ஆவியில் யாருடைய மூச்சு எவ்வளவு என்று அப்போது எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் தகவல் வந்தது. நுரையீரல் காசநோய். சளியில் கிருமி நிறைய இருந்தது. அப்புறம்தான் இன்னொன்றும் தெரிந்தது. நாங்கள் போவதற்கு நான்கு நாள் முன்பே அந்த மருத்துவமனை சளியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறது. சந்தேகம் இருந்திருக்கிறது, எங்களுக்குத் தந்த தாளில் மட்டும் அது இல்லை. ஏன் சொல்லவில்லை என்று நானே தொலைபேசியில் கேட்டேன். எடுத்தவர் இளம் மருத்துவர். "சொன்னால் நீங்கள் வரமாட்டீர்கள் என்று பயந்தோம்" என்றார். அந்த நொடியில் எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. அதற்கு முன்பே எங்கள் சேவையில் 'தொற்று' என்ற சொல்லைக் கேட்டதும் தட்டிக்கழித்த அழைப்புகள் உண்டு.

பத்து வாரம் கழித்து எல்லோரும் பரிசோதித்துக்கொண்டோம். எனக்கு ஒன்றுமில்லை. என்னோடு வந்த மருத்துவருக்குப் பாசிட்டிவ். நோயாக வரவில்லை, ஆனால் கிருமி உடலுக்குள் போய் ஒளிந்துகொண்டது. ஆறு மாதம் தினமும் மாத்திரை சாப்பிட்டார். வீட்டில் எட்டு மாதக் குழந்தை. ஒளிந்திருக்கும் நிலையில் அது இன்னொருவருக்குப் பரவாது என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அப்படியும் முதல் சில வாரங்கள் குழந்தையைத் தூக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் தூக்கினேன் என்று என்னிடம் சொன்னார்.

இந்தச் சம்பவத்தை முன்னால் வைத்துத்தான் நீங்கள் முடிவெடுத்தீர்கள். நானும் அதையே முன்னால் வைக்கிறேன். அன்று என்ன தவறு நடந்தது? சந்தேகத்தை மறைத்தார்கள். இருமுகிறவருக்குக் காற்றில் பரவும் நோய் இருக்கலாம் என்று நாங்களாகவே யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை. காற்றில் பரவும் கிருமியையும் வடிகட்டும் என்95 முகக்கவசம் விமானத்தில் இல்லை. எஞ்சினோடு காற்றோட்டமும் நின்றது. விமானிகளைப் பிரிக்க ஒரு துணிதான் இருந்தது. இவற்றில் எதைச் சரிசெய்யவும் பெரிய செலவில்லை, எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. உங்கள் சுற்றறிக்கையோ இவற்றில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. நோயாளியை மட்டும் நீக்கியிருக்கிறது.

தரையில் காற்றோட்டம் நிற்பது எவ்வளவு ஆபத்து என்பது நேற்றுத் தெரிந்த செய்தி இல்லை. 1977இல் அலாஸ்காவில் ஒரு பயணிகள் விமானம் எஞ்சின் கோளாறால் சில மணி நேரம் தரையில் நின்றது. காற்றோட்டம் இயங்கவில்லை. உள்ளே ஒருவருக்கு இன்ஃப்ளூயன்சா. விமானத்தில் இருந்த 54 பேரில் 72 விழுக்காட்டினர் மூன்றே நாளில் காய்ச்சலில் படுத்தார்கள். 1979இல் இது ஆய்விதழில் வெளியானது. விமானப் பயணமும் தொற்றும் பற்றிப் பேசுகிற எவரும் இன்றுவரை எடுத்துக்காட்டும் சம்பவம் இது. 2003இல் சார்ஸ் என்ற சுவாசத் தொற்று வந்தபோது, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி ஆம்புலன்ஸ் விமானங்களுக்குத் தந்த வழிகாட்டுதலிலும் இந்தப் பாடம் இருக்கிறது. தரையில் தாமதமானாலும் காற்றோட்டத்தை நிறுத்தாதீர்கள் என்கிறது அது. எங்களுக்கு யாரும் அதைச் சொல்லித் தரவில்லை. எஞ்சினை அணைத்த விமானிக்கும் தெரியாது. அவர் எரிபொருளைக் கணக்குப் பார்த்தார், அது அவர் வேலை.

பெரிய பயணிகள் விமானங்களில் சுற்றிவரும் காற்று ஹெப்பா வடிகட்டி வழியாகப் போகிறது. 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 விழுக்காட்டை அது பிடித்துவிடும். அதை மனதில் வைத்துக்கொண்டு, விமானம் என்றாலே காற்று சுத்தம் என்று நம்முடைய கூட்டங்களில் பேசுகிறார்கள். நாங்கள் பறக்கும் சிறிய விமானங்கள் பலவற்றில் அந்த வடிகட்டி கிடையாது. ஹெலிகாப்டரில் விமானிக்கும் நோயாளிக்கும் ஒரே அறை, ஒரே காற்று. காற்று எந்தப் பக்கமிருந்து வந்து எந்தப் பக்கம் வெளியேறுகிறது என்பது ஒவ்வொரு விமானத்துக்கும் மாறும். நான் வேலை பார்த்த எந்த விமானத்திலும் அதைக் காட்டும் ஒரு படம்கூட இருந்ததில்லை. நோயாளியின் தலையை எந்தப் பக்கம் வைப்பது, நாங்கள் எங்கே உட்காருவது என்பதை அந்தப் படம்தான் சொல்லும்.

இனி சுற்றறிக்கைக்குப் பிறகு நடந்தது.

பத்தொன்பது வயது மாணவர். மெனிங்கோகாக்கஸ் கிருமியால் வரும் மூளையுறை அழற்சி. உள்ளூர் மருத்துவர்கள் சரியாகக் கண்டுபிடித்து, சரியான ஆன்டிபயாடிக்கை உடனே ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் அங்கே நரம்பியல் ஐசியூ இல்லை. மூளையில் வீக்கம் ஏற ஏற, மாற்ற வேண்டும் என்று எங்களை அழைத்தார்கள். இந்த முறை எதையும் மறைக்கவில்லை. நோயின் பெயர், மருந்து ஆரம்பித்த நேரம் எல்லாம் தெளிவாக எழுதி அனுப்பியிருந்தார்கள். அழைப்பு வந்தபோது மருந்து தொடங்கி முப்பது மணி நேரம் ஆகியிருந்தது.

இந்த நோய் அருகில் இருப்பவர்களுக்கு எச்சில், மூக்குச் சளித் துளிகளால் பரவும். சரியான ஆன்டிபயாடிக் தொடங்கி 24 மணி நேரம் ஆகிவிட்டால் நோயாளியைத் தனிமைப்படுத்த வேண்டியதில்லை என்பது தொற்றுக் கட்டுப்பாட்டின் அடிப்படைப் பாடம். அதாவது அந்த மாணவர் யாருக்கும் நோயைப் பரப்பும் நிலையைத் தாண்டியிருந்தார். ஆனால் படிவத்தில் 'தொற்று நோயா?' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று இருந்தது. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர் சுற்றறிக்கையைப் பார்த்தார், மறுத்துவிட்டார். அவர் மேல் எனக்குக் குறையில்லை. அவருக்கு நீங்கள் கொடுத்த விதி அது.

தரை வழியாக ஒன்பது மணி நேரம் கொண்டுபோனார்கள். வழியில் இரண்டு முறை வலிப்பு வந்திருக்கிறது. உயிர் பிழைத்தார். இரண்டு காதும் கேட்கவில்லை. விமானத்தில் போயிருந்தால் காது கேட்டிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். இந்த நோய் காதைப் பறிப்பது தெரிந்ததுதான், எந்த மணி நேரத்தில் அது நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவரை மறுக்க மருத்துவக் காரணம் எதுவும் இருக்கவில்லை. அவரோடு பறக்க நான் தயாராக இருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை.

உண்மையைச் சொன்ன மருத்துவமனைக்குக் கிடைத்தது மறுப்பு. முன்பு மறைத்த மருத்துவமனைக்குக் கிடைத்தது விமானம். அடுத்த முறை அழைக்கும் மருத்துவர் எதைச் செய்வார் என்று நினைக்கிறீர்கள்? அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. கண்முன்னே ஒரு உயிர் போய்க்கொண்டிருக்கும்போது, ஒரு சொல்லை எழுதினால் விமானம் வராது என்று தெரிந்தால், அந்தச் சொல்லை எழுத மாட்டார். 'காய்ச்சல்' என்று எழுதுவார், 'நிமோனியா' என்று எழுதுவார். நாங்கள் மறுபடியும் சர்ஜிக்கல் மாஸ்க்கோடு போய் நிற்போம். என் பாதுகாப்புக்கு என்று எழுதிய விதி என்னிடமிருந்து பறிப்பது, எனக்கு மிகவும் தேவையான ஒன்றை. எந்தக் கிருமியோடு ஏறுகிறேன் என்ற தகவல்தான் அது.

தொற்று நோயாளியைப் பாதுகாப்பாகக் கொண்டுபோக முடியாது என்று யாராவது சொன்னால், 2014ஐ நினைவுபடுத்துங்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் லைபீரியாவிலிருந்து எபோலா நோயாளிகள் இருவரை, ஒருவர் பின் ஒருவராக, ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட் அட்லாண்டாவுக்குக் கொண்டுபோனது. விமானத்துக்குள்ளேயே உலோகச் சட்டத்தில் தொங்கவிட்ட பிளாஸ்டிக் கூடாரம், உள்ளே காற்றழுத்தத்தை வெளியைவிடக் குறைத்து வைக்கும் அமைப்பு, ஹெப்பா வடிகட்டி. ஒரு பயணம் முடிந்தால் அந்தப் பிளாஸ்டிக்கை அழித்துவிடுவார்கள். அதே மாதம் பிரிட்டனின் ராணுவ விமானம் ஒன்று, சியரா லியோனில் எபோலா வந்த செவிலியர் ஒருவரை லண்டனுக்குக் கொண்டுவந்தது. அவர்கள் எல்லோரும் பிழைத்தார்கள்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தக் கூடாரம் எபோலாவுக்காக அவசரமாகத் தைத்தது இல்லை. சார்ஸ் பரவலுக்குப் பிறகு, 2014க்குப் பல ஆண்டுகள் முன்பே, சிடிசியும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் அந்த விமான நிறுவனத்தோடு சேர்ந்து செய்து எடுத்து வைத்தது. தேவை வந்த நாளில் கையில் இருந்தது. நாம் எதையும் எடுத்து வைக்கவில்லை. ஒரு சுற்றறிக்கையை மட்டும் எடுத்து வைத்திருக்கிறோம்.

சரி, எல்லா விமானத்துக்கும் ஐசொலேஷன் பாட் வாங்கச் சொல்கிறேனா? இல்லை. நான் அதற்குள் கைவிட்டு வேலை பார்த்திருக்கிறேன். ஸ்ட்ரெச்சர் மேல் கவிழ்த்த ஒளி ஊடுருவும் பெட்டி, பக்கவாட்டில் கையுறை பொருத்திய துளைகள். அந்தக் கையுறைக்குள்ளிருந்து நரம்பு தேடி ஊசி போடுவது மிகவும் கடினம். சுவாசக்குழாய் போடுவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். அதனால் போகும் வழியில் மூச்சு மோசமாகலாம் என்று தோன்றினால், புறப்படும் முன்பே குழாய் போட்டுவிட வேண்டும். உள்ளே மூடி வைத்தவருக்கு மூச்சு முட்டுவது போன்ற பயம் வரும், அவரோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். இரைச்சலில் ஸ்டெதஸ்கோப் எதற்கும் உதவாது.

மேலே போகப் போக இன்னும் சில சிக்கல்கள். கேபினில் 8000 அடி உயரத்துக்குச் சமமான அழுத்தம் இருந்தால், மூடிய இடத்தில் உள்ள காற்று மூன்றில் ஒரு பங்கு விரியும். சுவாசக்குழாயின் நுனியில் காற்றடைத்த சிறு பலூன் போல உள்ள கஃப் உப்பும், அதைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். கெட்டுப்போன நுரையீரலுக்கு அந்த உயரத்தில் ஆக்ஸிஜன் கூடுதலாகத் தேவைப்படும், தரையில் போட்ட கணக்கு அங்கே போதாது. கேபின் அழுத்தம் திடீரென்று போனால் பாட் உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழி இருக்க வேண்டும். இதெல்லாம் பெட்டியை வாங்கி வைத்தால் தானாக வருவதில்லை. பழகியவர்கள் வேண்டும். பழக, மாதம் ஒரு முறையாவது வெறும் பொம்மையை வைத்தாவது செய்து பார்க்க வேண்டும்.

பெரும்பாலான நோயாளிகளுக்கு இந்தப் பெட்டியே வேண்டாம். மெனிங்கோகாக்கஸ் மாணவருக்கு எதுவுமே தேவைப்பட்டிருக்காது. இருமும் காசநோயாளி முகத்தில் ஒரு மாஸ்க், எங்கள் முகத்தில் சரியாகப் பொருந்திய என்95, ஓடிக்கொண்டிருக்கும் காற்றோட்டம் இருந்தால் அன்றைய இரவு வேறு மாதிரி முடிந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வென்டிலேட்டரில் இருப்பவருக்கு மூச்சு வெளியேறும் பக்கத்தில் ஒரு வடிகட்டி. நெபுலைசர் போன்று காற்றில் துளிகளைப் பரப்பும் சிகிச்சையைப் பறக்கும்போது முடிந்தவரை தவிர்ப்பது. சில நேரம் சரியான பதில் 'பறக்க வேண்டாம்' என்பதாகவும் இருக்கும். நோயாளியை நகர்த்தாமல் நிபுணரை அங்கே அனுப்பலாம், இரண்டு நாள் மருந்து கொடுத்துவிட்டு ஏற்றலாம். அதை ஒரு மருத்துவர் நோயாளியைப் பார்த்து, நோயைப் பார்த்துச் சொல்ல வேண்டும். படிவத்தில் உள்ள ஒரு கட்டம் சொல்லக் கூடாது.

விமானிகளைப் பற்றியும் பேச வேண்டும். அவர்கள் மருத்துவப் பணியாளர்கள் இல்லை. ஆனால் அதே காற்றைச் சுவாசிக்கிறார்கள், அவர்களிடம் நோயின் பெயரைக்கூடச் சொல்வதில்லை. அவசரத்தில் ஆக்ஸிஜன் முகமூடியை நொடியில் மாட்ட வேண்டியவர்கள் அவர்கள். முகக்கவசத்தையும் கண்ணாடியையும் போட்டுக்கொண்டு அதை எப்படிச் செய்வது என்று யாரும் பழக்கவில்லை. என்னோடு பறந்த விமானி ஒருவர் கேட்டார்: "உங்களுக்காவது என்ன செய்யணும்னு தெரியும், எனக்கு?" பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

இறங்கிய பிறகு உடையைக் கழற்றும்போதுதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பல மணி நேரம் பாதுகாப்பு உடைக்குள் வேர்த்து, களைத்து, சீக்கிரம் கழற்றினால் போதும் என்று இருக்கும். அப்போது ஒருவர் எதிரே நின்று, படிப்படியாக வாசித்து, தவறினால் நிறுத்தச் சொல்ல வேண்டும். எங்களுக்கு அப்படி யாரும் கிடையாது. விமானத்தைச் சுத்தம் செய்பவருக்கு ஒரு வாளியும் பிளீச்சும் தருகிறார்கள். குளோரின் அலுமினியத்தை அரிக்கும், ஆல்கஹால் ஜன்னல் அக்ரிலிக்கைக் கெடுக்கும். எதைப் பயன்படுத்தலாம் என்று விமானத் தயாரிப்பாளரிடம் கேட்டு எழுதி ஒட்ட ஒரு நாள் போதும்.

நான் கேட்பவை இவை.

அந்த வரியை நீக்குங்கள். அதன் இடத்தில் அழைப்பு வந்தவுடன் கேட்க வேண்டிய கேள்விகளை வையுங்கள். எந்தக் கிருமி அல்லது எதைச் சந்தேகிக்கிறார்கள், எந்தப் பரிசோதனையின் முடிவு இன்னும் வரவில்லை, தொடுதலால் பரவுமா, துளியாலா, காற்றாலா, மருந்து தொடங்கி எத்தனை மணி நேரம். 'சந்தேகம் உண்டு' என்ற பதிலுக்காக மட்டும் எந்த அழைப்பும் மறுக்கப்படாது என்று எல்லா மருத்துவமனைகளுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். ஏற்பதா, தள்ளிப்போடுவதா என்பதை எந்த நேரமும் தொலைபேசியில் கிடைக்கும் தொற்றுநோய் மருத்துவர் ஒருவர், பறக்கப்போகும் குழுவோடு பேசி முடிவு செய்யட்டும். விமானியும் அந்தக் குழுவில் ஒருவர்.

ஒவ்வொரு விமானத்திலும் என்95 இருக்க வேண்டும், அது அவரவர் முகத்துக்குப் பொருந்துகிறதா என்று சோதித்துத் தந்ததாக இருக்க வேண்டும். ஒவ்வொரு விமானத்துக்கும் காற்று போகும் திசையைச் சோதித்து, படமாக வரைந்து உள்ளே ஒட்டுங்கள். துணித்திரையின் இடத்தில் காற்றை மறிக்கும் தடுப்பு போட முடியுமா என்று பொறியாளர்களிடம் கேளுங்கள், முடியாத விமானத்தில் காற்றில் பரவும் நோயுள்ளவரை ஏற்றாதீர்கள். ஐசொலேஷன் பாட்டை எல்லா சேவைகளும் சேர்ந்து சில இடங்களில் வைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள், பழகிய குழுவோடு.

அனுமதி வழங்கும் அதிகாரிகளுக்கு. நோயாளி உள்ளே இருக்கும் வரை, தரையிலும் காற்றோட்டம் ஓட வேண்டும் என்பதை அனுமதியின் நிபந்தனையாக்குங்கள். எஞ்சினை ஓட்ட முடியாவிட்டால் வெளி மின்சாரம், அதுவும் இல்லையென்றால் கதவைத் திறப்பது, இல்லையென்றால் நோயாளியை ஆம்புலன்ஸ் வண்டியிலேயே காத்திருக்க வைப்பது. 2007 முதல் நடைமுறையில் உள்ள சர்வதேச சுகாதார ஒழுங்குவிதிகளின்படி, தொற்று இருக்கலாம் என்றால் விமானி இறங்கும் முன்பே விமான நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு எங்களை நடுவானில் அலையவிடாமல் இருக்க, வழியில் எந்தெந்த நிலையங்கள் ஏற்றுக்கொள்ளும் என்று முன்கூட்டியே ஒப்பந்தம் செய்து பட்டியலைத் தாருங்கள்.

பறந்த பிறகு தொற்று உறுதியானால், முடிவு வந்த அன்றே குழுவில் இருந்த எல்லோருக்கும் தகவல் வர வேண்டும். சுத்தம் செய்தவருக்கும், ஸ்ட்ரெச்சர் தூக்கியவருக்கும், கூட வந்த உறவினருக்கும். பரிசோதனை, மருந்து, சம்பளத்தோடு விடுப்பு இவற்றைச் சேவை ஏற்க வேண்டும். அந்த மருத்துவர் ஆறு மாத மாத்திரையைத் தன் சொந்தப் பணத்தில் வாங்கினார். அதை அவருக்குத் திருப்பிக் கொடுங்கள்.

முப்பது நாளுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன். எனக்குத் தனியாக அனுப்ப வேண்டாம். அந்தச் சுற்றறிக்கை யார் யாருக்குப் போனதோ அவர்கள் அத்தனை பேருக்கும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு வான்வழி ஆம்புலன்ஸ் செவிலியர்